கந்தசாமி அண்ணனின் இரண்டாவது எடை

போன சனிக்கிழமை காலை, மலாக்காவின் பத்து பெரண்டாம் விமானத் திடலில், என் மைத்துனன் ஒரு விமானத்தை நிறுத்தினான்.

கையைக் காட்டித்தான். நாம் தெருமுனையில் நின்று பஸ்ஸை நிறுத்துவோமே, அதே மாதிரி.

ஒரு வித்தியாசம். பஸ்ஸை நிறுத்துகிறவன் ஏறப் பார்ப்பான். இவன் உள்ளே உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் இறங்கச் சொன்னான். அந்த அத்தனை பேரில் ஒருவர், அவனுடைய வேலை நிலைக்குமா போகுமா என்று முடிவு செய்ய சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரத் துரை!

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த எனக்கு, காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியும் நெஞ்சுக்கு வந்துவிட்டன.

நாலு நாள் கழித்துத்தான் அவை இறங்கின. அதனால்தான் இந்த வாரப் பத்தியில் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

முதலில் மைத்துனனை அறிமுகம் செய்கிறேன். பெயர் ரத்தினம். என் மனைவி சரஸ்வதிக்கு ஒரே தம்பி. காஜா பெராங்கில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ஒரு விமானக் கம்பெனியில் டிஸ்பாட்சர் வேலை பழகுகிறான்.

அது என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துப் போயிற்று. 'பைலட்டா?' இல்லை. 'மெக்கானிக்கா?' இல்லை. 'டிக்கெட் கொடுக்கிறவரா?' அதுவும் இல்லை. 'அப்புறம் என்னதான் செய்கிறார்?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அவன் செய்வது இதுதான். விமானம் கிளம்புவதற்கு முன்னால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வானம் எப்படி இருக்கிறது என்று வானொலியில் கேட்டு வாங்குவான். எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று கணக்குப் போடுவான். பயணிகளை எடை போடுவான், பெட்டிகளை எடை போடுவான். யார் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வான். எல்லாம் சரி என்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவான். பக்கத்தில் பைலட் கையெழுத்துப் போடுவார். இரண்டு கையெழுத்தும் இல்லாவிட்டால் விமானம் நகராது. பைலட்டே நினைத்தாலும் நகராது.

பெரிய விமான நிலையங்களில் இதற்கென்று ஓர் அறை, நாலைந்து ஆட்கள், சுவர் நிறைய வரைபடங்கள். நம் மலாக்காவில்? ரத்தினமும் ஒரு தராசும்தான்.

திடலைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். சுதந்திரச் செய்தியோடு லண்டனிலிருந்து திரும்பிய நம் தலைவர்கள் வந்திறங்கியது இங்கேதான். 1956 பிப்ரவரி 20, திங்கட்கிழமை. கோலாலம்பூரில் இறங்கினார்கள் என்று இப்போதே சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் என்னவெல்லாம் சொல்வார்களோ! போகட்டும். அது வேறு கதை.

ரத்தினம் இதற்கு முன் பொதுப்பணி இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தான். பென்ஷன் உள்ள வேலை. அதை ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றபோது சரஸ்வதி அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பேசத் தொடங்கியபோது சொன்ன முதல் வாக்கியம்: "பென்ஷன் வேலையை விட்டுட்டு தராசு புடிக்கப் போறியாடா? அதுக்கு நம்ம கந்தசாமி அண்ணன் மளிகைக்கடையிலேயே சேந்திருக்கலாமே."

அவன் கோபப்படவில்லை. நிதானமாக எனக்குத்தான் விளக்கினான். மலாக்காவில் இருப்பது பழகும் காலம் மட்டும். வேலை உறுதியானால் சிங்கப்பூருக்கு அனுப்பிப் பாடம் நடத்துவார்கள். பரீட்சை தேறினால் லைசன்ஸ். அப்புறம் நாலு எஞ்சின் வைத்த பெரிய விமானங்கள் எல்லாம் அவன் கையெழுத்துக்காகக் காத்து நிற்கும். இதுவரை அந்த நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். இப்போது ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருக்கிறார்கள். "காலியாகிற நாற்காலி, மச்சான். இப்ப போய் நிக்கலேன்னா வேற எவனாவது உக்காந்துருவான்" என்றான்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாற்காலிகள் காலியாகும் காலம் எல்லா நாட்டுக்கும் ஒருமுறைதான் வரும். சரித்திரப் புத்தகங்களை வாசித்துத் தலை நரைத்தவன் சொல்கிறேன்.

ஆனால் உறுதியாக வேண்டுமே!

விமானக் கம்பெனிக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. நேரம். குறித்த நேரத்துக்கு விமானம் கிளம்ப வேண்டும். ரத்தினத்தின் பழகுகாலத்தில் ஏற்கெனவே இரண்டு தாமதங்கள். ஒன்று, பெட்ரோல் பீப்பாயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு முழுவதையும் வடிகட்டச் சொன்னான். மற்றொன்று, சுமத்திரா பக்கமிருந்து கறுப்பாக ஒரு மேகம் வருகிறது என்று நிறுத்தி வைத்தான். அந்த மேகம் வரவே இல்லை. எங்கோ திரும்பிப் போய்விட்டது. இரண்டாவதுக்குப் பிறகு சிங்கப்பூர் துரை கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்... இன்னொரு தாமதம், அதுவும் உன் திடலின் குறையால் என்றால், நாங்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்தத் துரை நேரில் பார்த்துவிட்டுப் போகத்தான் வெள்ளிக்கிழமை வந்தார். சனிக்கிழமை விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு.

அதே சனிக்கிழமை, அதே விமானத்தில், எங்கள் தெரு மளிகைக்கடை கந்தசாமி அண்ணன்.

கந்தசாமி அண்ணன் ஊருக்குப் போகிறார். நாகப்பட்டினம். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் கப்பல். வழக்கமாக நாமெல்லாம் சிங்கப்பூருக்கு பஸ்ஸில் போவோம், இல்லாவிட்டால் தம்பின் ஊருக்குப் போய் ரயில் ஏறுவோம். ஆனால் அண்ணனின் மகன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். அப்பா ஒருமுறையாவது பறக்கட்டும் என்று விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான்.

எங்கள் தெருவில் இதுவரை யாரும் பறந்ததில்லை. ரத்தினம்கூட. அவன் அனுப்பி வைப்பவன், போகிறவன் இல்லை.

ஆகவே தெருவே வழியனுப்பக் கிளம்பியது. லாரி ஒன்று பேசியாயிற்று. மாலை, எலுமிச்சம்பழம், விபூதி, சுண்டல். கந்தசாமி அண்ணனுக்கு யாரோ ஒரு கோட்டு இரவல் கொடுத்திருந்தார்கள். அண்ணன் ஒல்லி. கோட்டு இன்னொருவரும் சேர்ந்து நுழையும் அளவுக்கு இருந்தது. 'விமானத்துல மேல போனா குளிருமாம்' என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

திடலில் முதல் வேலை எடை. பயணி தன் கைப்பையோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். இதில் ரத்தினத்துக்கு ஒரு பழக்கம். முள்ளைப் பார்ப்பான், எழுதுவான், எடையை வாய்விட்டுச் சொல்லவே மாட்டான். பெண்களும் வருகிறார்கள், பருத்த சீன முதலாளித் தவுக்கேக்களும் வருகிறார்கள். யாருக்கும் தன் எடை ஊருக்குத் தெரிவது பிடிக்காது அல்லவா? துரையும் ஏறி நின்றார். அவருக்கும் அதே மரியாதை.

எடை முடிந்ததும் இருக்கை. சின்ன விமானம். ஒரே எஞ்சின். பைலட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. அதில் உட்காரத்தான் கந்தசாமி அண்ணனுக்கு ஆசை. ரத்தினம் அதைப் பருமனான ஒரு தவுக்கேக்குக் கொடுத்துவிட்டான். அண்ணனுக்குக் கடைசி இருக்கை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தெருவிலேயே முதல்ல பறக்குறவன் நானு. என்னையக் கொண்டு போயி வாலுல உக்கார வைக்கிறியே, தம்பி."

"அண்ணே, வாலுல கனம் இருக்கக் கூடாது. லேசான ஆளைத்தான் அங்க போடணும். இன்னிக்கு இருக்கிறதுலேயே நீங்கதான் லேசு."

அண்ணன் சமாதானமாகிவிட்டார். அதன்பிறகு எங்களிடம் வந்து, வால் பக்கம் உட்கார எல்லோருக்கும் தகுதி கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் விஷயம்.

எடை போடும் அறையிலிருந்து விமானத்துக்குப் போகும் வழியோரம் ஒரு கம்பி வேலி. பயணிகள் வேலிக்கு உள்ளே நடந்து போவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வெளியே. அங்கே நின்று கையைப் பிடித்துக்கொண்டு அழலாம், விபூதி பூசலாம். யாரும் தடுப்பதில்லை.

நாம் என்ன செய்வோம்? ஊருக்குப் போகிறவரை வெறும் கையோடு அனுப்புவோமா? மலாயாவில் பிறந்த எந்தத் தமிழனுக்கும் இது தெரியும். ஒருத்தர் ஊருக்குப் போகிறார் என்றால் அவர் பயணி இல்லை, தபால் வண்டி. 'இதை மட்டும் எங்க சித்திகிட்ட குடுத்துருங்க.' 'இது எங்க அண்ணன் மவளுக்கு.' 'சின்னப் பொட்டலம்தான், ஒண்ணும் எடமே புடிக்காது.'

ஆனால் பொட்டலங்களை முன்னாலேயே ஏன் கொடுக்கவில்லை? காரணம் உண்டு. விமானத்தில் சாமான் கூடினால் காசு வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அண்ணனுக்கு வீண் செலவு வைக்கக் கூடாது என்று அத்தனை பேரும் நல்ல மனதோடு காத்திருந்தார்கள். எடை முடியட்டும், அப்புறம் கொடுக்கலாம். ஏமாற்றும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. பெட்டி என்றால் சாமான். விடைபெறும்போது கையில் கொடுப்பது சாமானா? அது அன்பு. அன்புக்கு எடை கிடையாது என்று நாம் நினைக்கிறோம்.

விமானம் அப்படி நினைப்பதில்லை.

வேலிக்கு மேலாகவும் கம்பிகளுக்கு நடுவிலும் பொட்டலங்கள் போய்க்கொண்டே இருந்தன. சோப்புக்கட்டிகள், பால்மாவு டின்கள், டார்ச் லைட், தைலப் புட்டிகள், சேலைகள். கோட்டின் பெருமை அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. உள்பை, வெளிப்பை, பையே இல்லாத இடம் என்று எல்லாவற்றிலும் நுழைத்தார்கள். கோட்டு நிறைந்ததும், கூட வந்த பயணிகள் இருவர் பாவப்பட்டு ஆளுக்கொரு பை வாங்கிக்கொண்டார்கள்.

என் மனைவி முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கொடுத்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருஷ இல்லறம் கற்றுத்தந்த நாகரிகம்.

ரத்தினம் இதைப் பார்க்கவில்லை. அவன் விமானத்தின் இறக்கையடியில் நின்று பைலட்டோடு கையெழுத்து வேலையை முடித்துக்கொண்டிருந்தான். நல்ல வெயில். காற்றே இல்லை. திடலின் ஓரத்தில் காற்றுத் திசை பார்க்கக் கட்டியிருக்கும் துணிப்பை கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. துரை உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். தவுக்கே உட்கார்ந்துவிட்டார். கடைசியாக வந்தவர் கந்தசாமி அண்ணன்.

தராசில் துள்ளி ஏறியவர் ஏணியில் ஏற முடியாமல் தவித்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்து, மூச்சு வாங்கி ஏறினார். எடை போடும்போது ஒல்லிக்குச்சி. விமானம் ஏறும்போது நிறைமாதக் கர்ப்பிணி.

கதவு சாத்தப்பட்டது.

ரத்தினம் கையில் தாளோடு அப்படியே நின்றான். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு மூன்று மூச்சு நேரத்தில் என்ன யோசித்தாய் என்று பிறகு கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான்.

கையெழுத்து ஆகிவிட்டது. இனி அவன் பேசாமல் இருந்தால் விமானம் நேரத்துக்குக் கிளம்பும். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. துரை சந்தோஷமாகப் போயிருப்பார். வேலை உறுதி. நிறுத்தினால் மூன்றாவது தாமதம். துரை கண்ணுக்கு முன்னாலேயே. காரணம் என்ன? சொந்தத் தெருக்காரர்கள்.

"அப்புறம் ஏன் நிறுத்தினே?" என்று கேட்டேன்.

"தாளுல நான் எழுதுன கந்தசாமி அண்ணன் வேற, மச்சான். உள்ள உக்காந்திருக்கிறவரு வேற."

அவன் விமானத்துக்கு முன்னால் போய்க் கையை உயர்த்தினான்.

பைலட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ரத்தினம் தலையை ஆட்டினான். எல்லோரும் இறங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது. வேலியோரம் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

தராசு வெளியே இழுத்து வரப்பட்டது. வெட்டவெளியில், வெயிலில், ஒவ்வொருவராக மறுபடியும். துரையும்தான். அவரை விட்டுவிடுவான் என்று நான் நினைத்தேன். விடவில்லை. துரை சிவந்த முகத்தோடு ஏறி நின்றார், இறங்கினார். ரத்தினம் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டான்.

கந்தசாமி அண்ணன் முறை வந்தது. முள் எங்கே போய் நின்றதோ தெரியாது. அண்ணன் அரை மூட்டை அரிசியை விழுங்கியவர் மாதிரி இருந்தார் என்பது மட்டும் தெரியும்.

"அண்ணே, கோட்டைக் கழட்டுங்க."

"என்னைய என்ன திருடன்னு நினைச்சியா, தம்பி?"

"இல்லண்ணே. கோட்டைக் கழட்டுங்க."

கழற்றினார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சோப்பு. டின். புட்டி. ஒரு பொட்டலத்துக்குள் அலாரம் கடிகாரம் ஒன்று சாவி கொடுத்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை, ஊரில் வெடிகுண்டுப் பயம் என்று அவசர காலம் இன்னும் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பொட்டலத்தின் டிக் டிக் சத்தம் கேட்டதும், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மெல்ல ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆசையா குடுக்கிறவங்ககிட்ட வேணாம்னு எப்படித் தம்பி சொல்றது? நீயே சொல்லு. உன்னால முடியுமா?"

ரத்தினம் அப்போது ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இருந்ததிலேயே கனமானது. கூலா மலாக்கா. நம் ஊர்க் கருப்பட்டி. உருளை உருளையாக அடுக்கிச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டியிருந்தது. சுற்றிய தாளில், நூலுக்கு நடுவே, ஒரு சின்னப் புகைப்படம். இந்தப் பத்தியின் தலைப்பில் வாராவாரம் வருமே, அதே என் மூஞ்சி. என் எழுத்தில் கனம் இல்லை என்று சொல்பவர்கள் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

துரை பக்கத்தில் வந்து நின்றார். இது யார் கொடுத்தது என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் யாரோ என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் வேறு பத்துப் பேர் வீட்டிலும் அந்தப் பத்திரிகை வருகிறது.

"மை சிஸ்டர், சார்" என்றான் ரத்தினம்.

துரை வேலிப் பக்கம் திரும்பினார். சரஸ்வதி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவள் ஒளிவதற்கு நான் போதவில்லை.

பொட்டலங்கள் எல்லாம் வேலியோரம் குவிந்தன. ரத்தினம் தாளை மாற்றி எழுதினான். கையெழுத்துகள் மறுபடியும். துரை ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார். ஏணியில் கந்தசாமி அண்ணன் மறுபடி துள்ளிக்கொண்டு போனார். விமானம் ஓடி, எழும்பி, ரப்பர் மரங்களுக்கு மேலே போய்ப் புள்ளியாகி மறைந்தது.

யாரும் கைதட்டவில்லை. அவரவர் பொட்டலத்தை அவரவர் எடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் லாரியில் ஏறினோம். ஒரு பொட்டலத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் சரஸ்வதி வாயைத் திறந்தாள். "எல்லாரும் குடுத்தாங்க, நானும் குடுத்தேன். நாகப்பட்டினத்துல எங்க அத்தைக்கு ஒண்ணும் அனுப்பாம இருக்க முடியுமா?"

நாகப்பட்டினத்தில் கிடைக்காத கருப்பட்டியா என்று கேட்டேன். தப்பான நேரம். "இது மலாக்காக் கருப்பட்டி" என்றாள். அதோடு அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் ரத்தினம் சைக்கிளில் வந்தான். பின்னால் கேரியரில் அந்தப் பொட்டலம். கொண்டு வந்து சமையலறை மேஜையில் வைத்தான்.

"எதுக்குடா என்னையச் சொன்னே?" என்றாள் சரஸ்வதி. "யாரோன்னு சொல்லியிருக்கலாம்ல."

"மச்சான் படம் போட்ட தாளுல சுத்திக் குடுத்துட்டு யாரோன்னு சொல்லச் சொல்றியாக்கா?"

"வேலை போயிருமா?"

"போனாலும் போகும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொதுப்பணி இலாகாவில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பது அந்தப் பார்வையின் அர்த்தம். அந்த நாற்காலியில் வேறு ஆள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நான் குடுத்தது அவ்வளவு பெரிய கனமாடா?" என்றாள் மெதுவாக.

ரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"கனம் கூடுனா பரவால்லக்கா. பெட்ரோலைக் கொறைப்பேன், ஆளை மாத்தி உக்கார வைப்பேன், ஒரு பெட்டியை எறக்கிட்டு அடுத்த விமானத்துல அனுப்புவேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்குத் தெரியாம கனம் கூடக் கூடாது. அவ்வளவுதான்."

பிறகு கை கழுவிவிட்டு வந்து, "சோறு இருக்கா?" என்றான்.

ஞாயிறு போயிற்று. கந்தசாமி அண்ணன் கப்பலைப் பிடித்துவிட்டார் என்று அவர் மகன் தகவல் அனுப்பினான். அதில் ஒரு பாதி நிம்மதி. மறு பாதி வரவில்லை. திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. சரஸ்வதி மூன்று நாளும் நெத்திலிச் சம்பல் செய்தாள். தம்பிக்குப் பிடிக்குமாம். எனக்கு நெத்திலியைக் கண்டாலே... வேண்டாம், விடுங்கள். ரத்தினம் வழக்கம்போல் போனான், வழக்கம்போல் வந்தான். வேறு வேலைக்கான விளம்பரங்களை நான் பேப்பரில் பார்ப்பதை அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே சைக்கிள் சத்தம் கேட்டது. சரஸ்வதி கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து அந்த முகமே அப்படி ஆகிவிட்டது.

"உறுதியாயிடுச்சுக்கா" என்றான்.

சிங்கப்பூரிலிருந்து துரையே பேசினாராம். அடுத்த மாதம் பாடத்துக்கு வரச் சொல்லிவிட்டார். சனிக்கிழமைத் தாமதம் திடலின் கணக்கில் ஏறவில்லை. அது பயணிகளால் வந்த தாமதம். துரையின் மனம் மாறியது எப்படி? துரை மறைக்காமல் சொன்னாராம். பாதி வழியில், கடலுக்கு மேலே போகும்போது, அந்தக் கருப்பட்டியும் மற்றதும் வாலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பைலட்டிடம் சும்மா கேட்டிருக்கிறார். அந்த வெயிலில், காற்றில்லாத நேரத்தில், திடல் முடியும் இடத்து ரப்பர் மரங்களை நாம் மிக நெருக்கத்தில் பார்த்திருப்போம் என்றாராம் பைலட். கடிகாரத்தைத் தட்டிக் காட்டிய அதே பைலட்தான்!

துரைக்கும் உயிர் உயிர்தானே.

சரஸ்வதி கரண்டியை வைத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெகு நேரம் நின்றாள். அடுப்பில் இருந்த நெத்திலி கருகிப் போயிற்று. அன்றைக்கு எனக்குக் கிடைத்த இரண்டாவது நிம்மதி.

சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளிப் பரீட்சை முடித்த பையனை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று மூவார் ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். இப்போது பதில் சொல்ல முடியும். அனுப்புங்கள். ஆங்கிலம் வேண்டும், கணக்கு வேண்டும், வரைபடம் பார்க்கத் தெரிய வேண்டும். வேளை கெட்ட வேளையில் வேலை. கிராணி வேலையைப் போல மாலை நாலரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. மழை பெய்தால் ஊரே தூங்கும், இவன் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஆனால் மேலே போக வழி இருக்கிறது, நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன.

விளம்பரத்தில் போடாத தகுதி ஒன்றும் உண்டு. பையன் முகதாட்சண்யம் இல்லாதவனாக இருக்க வேண்டும். நாம் நல்லவர்கள். கேட்டால் செய்வோம், கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், 'சரி சரி, பரவாயில்லை' என்போம். முக்கால்வாசி வேலைகளுக்கு அது நல்ல குணம். இந்த ஒரு வேலைக்கு ஆகாது. அண்ணனையும் அக்காவையும் துரையையும் ஒரே தராசில், ஒரே முகத்தோடு ஏற்றி இறக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த நாற்காலி.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். துரையின் உத்தரவுப்படி இந்த வாரம் முதல் திடலில் முறை மாறுகிறது. முதலில் வழியனுப்புதல். அழுகை, மாலை, விபூதி எல்லாம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தராசு. தராசிலிருந்து இறங்கியதும் நேராக விமானம். நடுவே வேலியும் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை.

நேற்று இதை ரத்தினம் விளக்கிக்கொண்டிருந்தபோது சரஸ்வதி ரொம்பக் கவனமாகக் கேட்டாள். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். திருந்திவிட்டாள் என்று நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்படின்னா, எடைக்கு முன்னாடியே குடுத்துட்டா நீயே ஏத்தி விட்டுருவே, இல்லையாடா?" என்றாள்.